எட்டு மூலை கார்

2024 மார்ச் மாதத்திலிருந்து எம்.ஜி. என்ற பெயரில் மின்சாரக் கார்கள் நம் நாட்டில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் மீன் சாப்பாட்டுக்காகப் பாசிர் பெனம்பாங் பக்கம் படையெடுக்கும் கார் வரிசையில் நின்று பார்த்தால் ஒன்றிரண்டு கண்ணில் படும். முகப்பில் எண்கோணச் சின்னம், அதற்குள் இரண்டே எழுத்து. "புதுசா வந்த சீனாக் கார் மாமா, சத்தமே இல்ல" என்று என் தங்கை மகன் எனக்கு அறிமுகப்படுத்தினான்.

சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனம்தான் இன்று அதைத் தயாரிக்கிறது. அதில் அவன் சொன்னது சரி. 'புதுசா' என்பதுதான் இடித்தது. அந்த எண்கோணத்துக்கு வயது நூறு. எங்கள் குடும்பத்தில் அதை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தெரியும். ஆங்கில எழுத்து தெரியாத என் தாத்தா அதற்கு வைத்த பெயர் 'எட்டு மூலை கார்'. லயத்தில் எல்லாரும் அப்படியே சொன்னார்கள். பிறகு பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தலைமுறைக்கு, எம், ஜி என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஓர் 'ஆர்' இல்லாமல் போனது பெரிய குறையாக இருந்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் அது. வாத்தியாருக்கு இங்கிலாந்தில் சொந்தமாகக் கார் கம்பெனி இருக்கிறது என்று சத்தியம் செய்த பையன்கள் உண்டு.

அந்த இரண்டு எழுத்தின் விரிவு மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்போர்டு நகரில் இருந்த ஒரு கார் விற்பனைக் கடையும் பழுது பார்க்கும் பட்டறையும்தான். அதன் முதலாளி வில்லியம் மோரிஸ், பின்னாளில் நஃபீல்டு பிரபு ஆனவர். ஆனால் அவர் தொடக்கம் பிரபுத் தொடக்கம் அல்ல. 1893-இல், பதினாறு வயதில், கையில் 4 பவுனை வைத்துக்கொண்டு பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் சைக்கிள் பழுது பார்க்க ஆரம்பித்தவர். அப்புறம் சைக்கிள் செய்தார், மோட்டார் சைக்கிள் செய்தார், 1913-இல் கார் செய்தார். இந்தக் கதையில் சைக்கிள் மறுபடியும் வரும். அதனால் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஜி.யை உருவாக்கியவர் மோரிஸ் அல்லர், அவரிடம் சம்பளம் வாங்கியவர். பெயர் செசில் கிம்பர். அச்சு மை வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இளமையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது கால் நொறுங்கி, அது கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிட்டது. 1921-இல் மோரிஸ் கராஜஸில் விற்பனை நிர்வாகியாகச் சேர்ந்தார், அடுத்த ஆண்டே பொது நிர்வாகி. மோரிஸ் செய்துகொண்டிருந்தது சாதாரணக் குடும்பக் கார், மாடு மாதிரி உழைக்கும், மாடு மாதிரியே இருக்கும். கிம்பர் அதே அடிச்சட்டத்தை எடுத்து, வில்லைத் தாழ்த்தி, ஸ்டீயரிங்கைச் சாய்த்து, மேலே ஒல்லியான ஓர் உடம்பைப் பூட்டி, கூடுதல் விலைக்கு விற்றுப் பார்த்தார். போயிற்று. 1924-இல் எண்கோணச் சின்னம் வணிகச் சின்னமாகப் பதிவானது. 1925-இல் தமக்கென்று ஒரு காரைச் செய்து, ஈஸ்டர் விடுமுறையில் லேண்ட்ஸ் எண்ட் பந்தயத்துக்கு ஓட்டிப்போய்த் தங்கப் பதக்கத்துடன் திரும்பினார். அந்தக் காரை 300 பவுனுக்கு விற்றார்கள். பல ஆண்டு கழித்துக் கம்பெனியே அதைத் தேடிப் பிடித்து 15 பவுனுக்குத் திரும்ப வாங்கியது.

ஆக்ஸ்போர்டுக்குள் கொட்டகை விட்டுக் கொட்டகை மாறி, 1929-இல் பக்கத்திலிருந்த ஏபிங்டன் என்ற சிற்றூரில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் ஒரு பகுதிக்குக் குடிபோனார்கள். பெரிய கம்பெனிகளோடு ஒப்பிட்டால் அது நம் தோட்டத்து ஆலை மாதிரி. யார் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

இனி, தாத்தா தொட்ட காருக்கு வருகிறேன். அது எம்-டைப் மிட்ஜெட். 1928 அக்டோபரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். 847 சிசி எஞ்சின், 20 குதிரைச் சக்தி. இன்றைய கப்சாய் மோட்டார் சைக்கிள் இரண்டைச் சேர்த்துக் கட்டினால் கிட்டத்தட்ட அந்தச் சக்திதான். ஆனாலும் மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடும். உடம்பு மரச்சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய துணி, பின்பக்கம் படகு மாதிரிக் கூரியது. விலை 175 பவுன். அதுவரை வேகக் கார் என்றால் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத்தான். கிம்பர் அதை வங்கிக் குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் கனவு காணும் விலைக்குக் கொண்டுவந்தார். 1932 வரை 3,200-க்கும் மேல் விற்றது. வேகக் கார் என்றாலே இரண்டு இருக்கை, சின்ன எஞ்சின், திறந்த தலை என்ற வடிவத்தை உலகத்தின் மனத்தில் பதித்தது இந்தக் கார்தான் என்பது என் கட்சி.

அதில் ஒரு வேடிக்கையான கோளாறு உண்டு. எஞ்சினின் உச்சியில் இருக்கும் கேம்ஷாப்டைச் சுழற்ற, கீழிருந்து மேலே ஒரு தண்டு போகவேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க, டைனமோவையே எஞ்சினுக்கு முன்னால் நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் நடுத்தண்டையே கேம்ஷாப்டுக்கும் ஓட்டும் தண்டாக வைத்துவிட்டார்கள். கெட்டிக்கார யோசனைதான். மேலே இருக்கிற எண்ணெய் கீழே இறங்கும் என்பதைத்தான் அது மதிக்கவில்லை. எண்ணெய் கசிந்து டைனமோவுக்குள் சொட்டும். டைனமோ ஊறிப்போய் மின்சாரம் கொடுக்காது, விளக்கு மங்கும். என் தாத்தா 1934-லிருந்து 1941 வரை தம் வாழ்நாளின் ஏழு ஆண்டுக் காலைப்பொழுதுகளை அந்த டைனமோவைத் துடைப்பதிலேயே கழித்தார்.

தாத்தா சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். 1927-இல், பத்தொன்பது வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தார். கங்காணி கொண்டுவந்து விட்டது பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், இன்றைய பெஸ்தாரி ஜெயா. எந்தத் தோட்டம் என்பது இப்போது வேண்டாம். கித்தா மரமெல்லாம் போய்ச் செம்பனையாகி, செம்பனையும் போய் வீடுகளாகிக்கொண்டிருக்கிறது. செம்பனை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை நட்டது இந்த வட்டாரத்தில்தான், 1917-இல், தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை. 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொங்கூரை வாங்கினார். துரைகளிலும் பல ரகம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

தாத்தாவின் தோட்டத்துச் சின்ன துரை கதை எழுதுகிற ரகம் அல்ல. கல்யாணம் ஆகாத இளைஞன். சனிக்கிழமை மாலை கோலாலம்பூர் கிளப்புக்குப் போய், ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் விடியற்காலை பெரட்டுக்களத்தில் கண் சிவக்க நிற்பான். அதற்கு ஒரு கார் வேண்டும், அதுவும் வேகமாகப் போகிற கார். யாரோ விற்ற எட்டு மூலை காரை 1934-இல் வாங்கி வந்தான். பால் வெட்டிக்கொண்டிருந்த தாத்தாவுக்குக் கை சுத்தம், பேச்சு கம்மி. பங்களா வேலைக்கு எடுத்தார்கள். தோட்டக்கார வேலையோடு கார் கழுவுகிற வேலையும் சேர்ந்தது. செம்மண் சேற்றைக் கழுவ வேண்டும். மரச்சட்டத்தில் கரையான் ஏறாமல் பார்க்க வேண்டும். மழை நாளில் துணி உடம்பு ஊறிப் பூசணம் பிடிக்கும், அதை வெயிலில் காட்டித் தேய்க்க வேண்டும். இங்கிலாந்துக் குளிருக்குத் தைத்த சட்டை நம் ஊர் மழையில் என்ன பாடு படும்!

அந்தக் காரின் விலையை ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மலாயா வெள்ளி ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்சு என்பது அந்நாளைய நிலையான மாற்று விகிதம். அப்படியானால் 175 பவுன் என்பது 1,500 வெள்ளி. கப்பல் கூலி தனி. கார் வெளிவந்த காலத்தில் சிலாங்கூரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தால் ஓர் ஆணுக்கு 3,000 நாள் உழைப்பு. 1930-இல் கூலியை 40, 32 என்று குறைத்தார்கள். கணக்கு 3,750 நாளுக்கு ஏறியது. அதற்குப் பிறகு இன்னும் கீழே போனது. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு ஆண்டு. இங்கிலாந்தில் அது 'மலிவுக் கார்'.

மலிவாக இருந்ததற்கு நாமும் ஒரு காரணம். முதல் உலகப் போருக்குப் பிறகு கித்தா விலை சரிந்தபோது, மலாயாவும் சிலோனும் அனுப்பும் கித்தாவுக்கு வரம்பு கட்டி விலையைத் தூக்கி நிறுத்த ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஒன்றை 1922-இல் கொண்டுவந்தார்கள். 1925-இல் ஒரு ராத்தல் கித்தா 4 ஷில்லிங்கைத் தாண்டியது. டச்சுக்காரர்கள் இந்தத் திட்டத்தில் சேராமல் இந்தோனேசியாவில் தாராளமாக வெட்டி விற்றார்கள். கடைசியில் 1928 நவம்பர் 1-ஆம் தேதி திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மிட்ஜெட்டை ஒலிம்பியாவில் காட்டியது அதற்கு முந்திய மாதம். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லைதான். ஆனால் அங்கே சின்ன காருக்குக் கதவு திறந்த அதே மழைக்காலத்தில், இங்கே கித்தா விலைக்குக் கீழே இருந்த முட்டுக்கட்டையை உருவினார்கள். 1932-இல் ராத்தல் 2 பென்சு அளவுக்கு வந்தது. டயர் மலிந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். தாத்தாவோடு வந்த அவர் சித்தப்பா மகன் அப்படிப் போனவர்தான். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அந்தப் பஞ்ச ஆண்டுகள்தான் எம்.ஜி.யின் பொற்காலம் என்பது வரலாற்றின் குறும்பு. 1931 பிப்ரவரியில் ஜார்ஜ் ஐஸ்டன் 750 சிசி எஞ்சினில் மணிக்கு 100 மைலைத் தாண்டினார், அந்த அளவு எஞ்சினில் அதுவரை யாரும் தொடாத வேகம். அதே ஆண்டு மே மாதம் புரூக்லண்ட்ஸில் இரண்டு நாள், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் பந்தயத்தில் முதல் ஐந்து இடமும் எம்.ஜி.க்கு. 1933-இல் கே3 என்ற காரை இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயத்துக்குக் கொண்டுபோய், அதன் பிரிவில் வென்று, குழுப் பரிசையும் தூக்கி வந்தார்கள். அந்த செப்டம்பரில் அல்ஸ்டரில் அதே கே3-ஐ ஓட்டி வென்றவர் இத்தாலியின் நுவொலாரி, அந்நாளைய ஓட்டுநர்களில் முதல்வர். நம் பக்கத்து நாட்டுக்காரர் ஒருவரும் இந்தப் பட்டியலில் உண்டு. சியாம் இளவரசர் பீரா. லண்டனில் சிற்பக் கலை படித்தவர், 1935-இல் பந்தயத்தில் இறங்கிச் சீக்கிரமே ஒரு கே3-இல் ஏறினார். அதற்கடுத்து ஈ.ஆர்.ஏ. கார்களில் ஐரோப்பியர்களை ஓரங்கட்டியது தனிக் கதை. வெள்ளைக்காரன் ஊரில், வெள்ளைக்காரன் காரில், வெள்ளைக்காரனை முந்திய ஆசியர். எங்கள் லயத்துக்கு அந்தச் செய்தி எட்டியிருந்தால் தாத்தா அன்றைக்கு டைனமோவைக் கொஞ்சம் சந்தோஷமாகத் துடைத்திருப்பார்.

இப்போது சைக்கிள்.

1936 வாக்கில் தாத்தா ஒரு பழைய ராலே சைக்கிள் வாங்கினார், ஒரு கிராணியிடமிருந்து, பன்னிரண்டு வெள்ளிக்கு, தவணையில். ஞாயிற்றுக்கிழமை அதில் பத்தாங் பெர்ஜுந்தை கம்பத்துக்குப் போய்ச் சாமான் வாங்குவார். அந்தக் காலத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. துரை எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும். ஓரமாக, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, துரை கடந்து போகும் வரை நிற்க வேண்டும். துரைக்கு மட்டும் அல்ல, பெரிய கிராணிக்கும் அப்படித்தான். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. மீறினால் மறுநாள் வேலையில் தெரியும்.

தாத்தாவுக்கு எட்டு மூலை காரின் சத்தம் அரை மைலுக்கு முன்னால் கேட்கும். எந்த வால்வு தட்டுகிறது என்றுகூடச் சொல்வார். சத்தம் கேட்டவுடன் இறங்கிவிடுவார். கார் கடந்து போகும், செம்மண் புழுதி முகத்தில் அடிக்கும். மறுநாள் காலை ஐந்தரைக்கு அதே காரின் மேல் படிந்த அதே புழுதியை அவரே கழுவுவார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் கோபப்பட்டதில்லை. கேட்ட எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

இப்படி எரிந்தவர்கள் பலர் இருந்தார்கள் என்பதற்கு வரலாற்றில் எழுத்துச் சாட்சி உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னின்றது, ஆர்.எச். நாதன் வழிநடத்தினார். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது எல்லாம் இருந்தன. அவற்றோடு ஒன்றாக, வெள்ளைக்காரர் முன்னும் ஆசிய அலுவலர் முன்னும் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது. கூலி உயர்வோடு சரிசமமாக! மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். போராட்டம் சிலாங்கூர் முழுவதும் பரவியது. ராணுவம் வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் இறந்தார்கள்.

எங்கள் தோட்டத்திலும் சில நாள் யாரும் மரத்துக்குப் போகவில்லை. தாத்தாவும் பங்களாவுக்குப் போகவில்லை. டைனமோ ஊறியது. அவ்வளவுதான் அவர் செய்த புரட்சி.

அதே 1941 நவம்பரில் இங்கிலாந்தில் செசில் கிம்பரை வேலையைவிட்டு எடுத்தார்கள். கதை முன்பே தொடங்கிவிட்டது. 1935-இல் மோரிஸ் தம் சொந்த உடைமையாக வைத்திருந்த எம்.ஜி.யைப் பெரிய மோரிஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். பந்தயப் பிரிவை மூடினார்கள், வரைபடப் பிரிவையும் ஏபிங்டனிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிம்பர் நாற்காலியில் இருந்தார், அதிகாரம் போய்விட்டது. போர் வந்ததும் கார் செய்வது நின்றது. சும்மா கிடந்த ஆலைக்கு வேலை வேண்டுமே என்று அவரே தேடிப்போய் ஆல்பமார்ல் குண்டுவீச்சு விமானத்தின் முன்பாகம் செய்யும் பணியைப் பிடித்து வந்தார். தலைமையகத்தைக் கேட்காமல் செய்துவிட்டார் என்பது குற்றம். தாம் பெயர் சூட்டாத குறையாக வளர்த்த கம்பெனியிலிருந்து வெளியேறினார். 1945 பிப்ரவரி 4, லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து புறப்பட்ட ரயில், சுரங்க ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிப் பின்னோக்கி உருண்டது. இறந்த இருவரில் கிம்பர் ஒருவர். வயது 56. மணிக்கு 200 மைல் ஓடிய எம்.ஜி.யை 1939-இல் பார்த்துவிட்ட மனிதரை, நடக்கும் வேகத்தில் பின்வாங்கிய ஒரு ரயில் பெட்டி கொன்றது.

எசமானுக்கும் மேல் எசமான் உண்டு என்பது தோட்டத்தில் பிறந்தவனுக்குப் புதிதல்ல. இருந்தாலும் கிம்பருக்காக நான் வருத்தப்படுகிறேன். அந்தச் சின்ன துரைக்காக எனக்கு அது வருவதில்லை. அவன் 1941 டிசம்பரில் காரைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் படையில் சேரப் போனான், திரும்பவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் ஜப்பானியர் கோலா சிலாங்கூர் கரைக்கு வந்துவிட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தையிலும் சண்டை நடந்தது. 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. ஜப்பானியச் சிப்பாய்கள் பலர் வந்தது சைக்கிளில். துரைகளை ஓட்டியது சைக்கிள் படை என்று தாத்தா சொல்லும்போது மட்டும் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் நீளாது. ஜப்பான்காரன் காவல் நிற்கும் இடத்திலும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும், கூடவே குனிந்து வணங்கவும் வேண்டும். எட்டு மூலை காரின் மரச்சட்டத்தைக் கரையான் முடித்தது. டயர்களை வெட்டிச் செருப்புச் செய்துகொண்டார்கள். நம் மரத்துப் பால் கப்பலேறி, டயராகித் திரும்பி வந்து, கடைசியில் நம் காலுக்குப் பயன்பட்டது.

போருக்குப் பின் எம்.ஜி. டி.சி., டி.டி. என்ற கார்களால் உலகப் புகழ் அடைந்தது, பெரும்பாலும் அமெரிக்காவில். அப்புறம் கம்பெனிகள் ஒன்றை ஒன்று விழுங்கின. 1980 அக்டோபரில் ஏபிங்டன் ஆலையை மூடினார்கள். 2005-இல் எஞ்சியதைச் சீனாவின் நான்ஜிங் நிறுவனம் வாங்கியது, அதிலிருந்து எஸ்.ஏ.ஐ.சி.க்கு வந்தது. இந்தப் பகுதி எனக்கு அவ்வளவு சுவைப்பதில்லை.

நான் 1970-இல் கோலாலம்பூரில் ஒரு பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தேன். 1974-இல் அங்கே ஒரு டி.டி. வந்தது, இருபத்து மூன்று வயதுக் கார். எஞ்சினைப் பிரித்ததும் தலை சுற்றியது. போல்ட்டின் தலை ஆங்கிலேய விட்வொர்த் அளவு. மரையோ பிரெஞ்சு மெட்ரிக் அளவு. கையில் இருக்கிற ஸ்பேனர் பொருந்தும், கடையில் வாங்கிய போல்ட் பொருந்தாது. காரணத்தைப் பட்டறையின் மூத்த சீனர் சொன்னார். மோரிஸுக்கு எஞ்சின் செய்துகொடுத்த கோவென்ட்ரி ஆலை முன்பு பிரெஞ்சுக்காரர்களான ஹாட்ச்கிஸ் கம்பெனியுடையது. 1923-இல் மோரிஸ் அதை வாங்கியபோது பிரெஞ்சு எந்திரங்களும் சேர்ந்தே வந்தன. மரை வெட்டும் எந்திரத்தை மாற்றச் செலவாகும், ஆங்கிலேய மெக்கானிக்கிடம் இருப்பதோ ஆங்கிலேய ஸ்பேனர். ஆகவே தலை இங்கிலாந்து, கால் பிரான்ஸ். சிக்கனம் என்றால் அது!

ஆறு வாரம் பிடித்தது. காரின் சொந்தக்காரர் ஒரு டாக்டர், நல்ல மனிதர். "எஞ்சின் பழக வேணும், நீயே தூரமா ஓட்டிட்டு வா" என்று சாவியைக் கொடுத்தார். எங்கே போவது என்று எனக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. ரவாங் வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தைக்குத் திருப்பினேன்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் நுழைந்து லயத்துக்கு இன்னும் கால் மைல் இருக்கும். முன்னால் ஒரு கிழவர் சைக்கிளில், பின்னால் ஆட்டுக்குப் புல்கட்டு. கார் சத்தம் கேட்டதும் அவர் இறங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைக்கிளை ஓரமாகத் தள்ளி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். நான் நிறுத்தினேன். எங்கள் பக்கத்து வரிசைப் பெரியப்பா முறைக்காரர்.

"பெரியப்பா, நான்தான். ஏறிப் போங்க."

நிமிர்ந்து பார்த்தார். எட்டு மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட, நீயாடா! சத்தத்தக் கேட்டதும் காலு தானா எறங்கிடுச்சு" என்றார். வெட்கமும் சிரிப்புமாக மறுபடி ஏறினார். நான் அவர் பின்னாலேயே, முதல் கியரில், அவர் வேகத்துக்கு, லயம் வரை போனேன். எஞ்சின் சூடேறியது.

தாத்தா வாசலில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தாறு வயது. சத்தத்தில் தெரிந்துகொண்டிருப்பார்போல, எழுந்து நின்றிருந்தார். "பானெட்ட தெற" என்றார். திறந்தேன். எஞ்சினுக்கு முன்னால் குனிந்து பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை.

"டைனமோ எங்கடா?"

பக்கவாட்டில் பெல்ட்டில் ஓடுவதைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். விரலில் எண்ணெய் இல்லை. "இப்பத்தான் அவனுங்களுக்குப் புத்தி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, விரலைப் பழக்கத்தில் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஏழு வருஷம் கழுவிய காரில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தள்ளியிருக்கிறார், அவ்வளவுதான். இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டேன். செருப்பைக் கழற்றி வெளியே வைக்கப் போனார். "போட்டுக்கிட்டே ஏறுங்க தாத்தா" என்றேன். ஏறி உட்கார்ந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு, "பங்களா பக்கம் போ" என்றார்.